காணாமல் போன பல்சக்கரம்

லிஃப்ட் கம்பெனியில் அவரைத் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளியைச் செருகிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் ஓய்வு பெறும்வரை உதிரவில்லை. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றபடி, வெளிச்சம் எட்டாத அந்தச் செங்குத்துச் சுரங்கத்தில் மேலும் கீழுமாகப் போய்வந்தே அவர் வாழ்க்கையில் பாதி கழிந்தது. நடு மாடியில் மாட்டிக்கொண்டு அழுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துச் சிரிக்கவைத்துவிட்டு, அதற்குள் வேலையை முடித்துவிடுவார். அந்த விஷயத்தில் கம்பெனியில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு லிஃப்ட் இல்லை, ஆனால் கை இருந்தது. அது சும்மா இருக்கிற கை இல்லை. உடைந்த பொருளைச் சரிசெய்வதோடு நின்றிருந்தால் வீட்டில் பாராட்டு கிடைத்திருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பொருளைப் பார்த்தால்தான் அவருக்குப் பொறுக்காது. இதைவிட நன்றாக ஓடவைக்கலாமே என்று தோன்றிவிடும். அப்படித்தான் சமையலறைக் குழாய் மேம்பட்டு, திறந்தால் எதிர்ச்சுவரை நனைத்தது. குளியலறைத் தாழ்ப்பாள் மேம்பட்டு, உள்ளே போனவர் வெளியே வருவதற்கு ஒரு தனிச் சூட்சுமம் தேவைப்பட்டது. மனைவி ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி என்ன குறை இருந்துச்சு?" என்று கேட்பாள். குறை இருந்தால்தானா தொட வேண்டும்?

மனைவிக்குப் புரூஃப் பார்க்கிற வேலை. பள்ளிப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்துக்காக வீட்டிலிருந்தே எழுத்துப் பிழை, கால்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் பார்த்து அனுப்புவாள். முன்பு கட்டுக் கட்டாகத் தாள் வரும். இப்போதும் கொஞ்சம் வருகிறது, மிச்சமெல்லாம் கம்ப்யூட்டரில். ஜன்னலோரம், துணி தேய்க்கிற மேசையைக் காலிசெய்து, அவள் தன் சம்பாத்தியத்தில் வாங்கி வைத்த கம்ப்யூட்டர் அது. வீட்டில் அவர் கை படாமல் இருந்த கடைசிப் பொருளும் அதுதான். ஒருநாள் அவள் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில், பல்சக்கரம் போட்ட ஒரு சின்னப் படம் அவர் கண்ணில் பட்டது. செட்டிங்ஸ் என்று எழுதியிருந்தது. பல்சக்கரத்தைப் பார்த்தால் லிஃப்ட்காரர் சும்மா விடுவாரா? அழுத்தினார்.

உள்ளே போனவருக்கு வாய் பிளந்துவிட்டது. இத்தனை திருகாணிகளா? எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம், சத்தத்தை மாற்றலாம், அம்புக்குறியை மாற்றலாம். கழற்றினால் கையில் கறைகூடப் படாது. அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது.

முதலில் அம்புக்குறி பப்பாளிக் காய் அளவுக்கு வளர்ந்து மஞ்சளாக மாறியது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். பிறகு, திரையில் இருப்பதையெல்லாம் உரக்க வாசிக்கும் ஒரு குரலை எழுப்பிவிட்டார். அதைத் திரும்பத் தூங்கவைக்கத் தெரியவில்லை. பதிப்பாளரோடு அவள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் இடையிடையே புகுந்து, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் அறிவித்துக்கொண்டிருந்தது. அதையும் பொறுத்தாள். கடைசியாக அவர் தேதியில் கைவைத்தார். அவள் அனுப்பிய மெயில் எல்லாம் போன வருஷத் தேதியைச் சுமந்துகொண்டு போய், பதிப்பாளரின் பழைய குப்பையோடு குப்பையாக அடியில் கிடந்தன. புரூஃப் வரவே இல்லை என்று பதிப்பாளர் கோபமாகப் பேச, அனுப்பிவிட்டேன் என்று இவள் சத்தியம் செய்ய, அந்த மாதம் ஒரு புத்தகமே தள்ளிப்போயிற்று.

அன்று மனைவி கத்தவில்லை. அவரை எதிரில் உட்காரவைத்து, இனிமேல் என்ன செய்வதாக உத்தேசம் என்று மட்டும் கேட்டாள். கத்தியிருந்தால் சமாளித்திருப்பார். இந்த அமைதியைச் சமாளிக்க அவருக்குத் தெரியவில்லை. செட்டிங்ஸ் பக்கம் இனித் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்தபோது மனதாரத்தான் கொடுத்தார்.

அது நன்றாகத்தான் போயிற்று, ஒரு வாரம் போல. பிறகு ஒரு சாயங்காலம் அவள் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிப் போனதும், தொடப்போவதில்லை, சும்மா பார்க்கத்தானே போகிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பல்சக்கரத்தைக் காணோம்.

எப்போதும் இருக்கிற இடத்தில் இல்லை. வேறெங்காவது தள்ளி வைத்திருக்கிறதோ என்று மேலும் கீழும் தேடினார். பெயரை எழுதித் தேடினார். திரையில் வெறும் இடத்தில் மௌஸின் வலது பொத்தானை அழுத்தி அந்த வழியாக நுழையப் பார்த்தார். அப்போது ஒரு சின்னப் பெட்டி டொங்கென்று எழுந்து நின்றது. இந்தக் கம்ப்யூட்டரில் கட்டுப்பாடுகள் இருப்பதால் நீங்கள் கேட்டது நிறுத்தப்பட்டது, உங்கள் நிர்வாகியை அணுகவும் என்றது.

தேதியைத் திருப்பப் போய் எதையோ பெயர்த்துவிட்டிருக்கிறோம், அது இத்தனை நாள் கழித்து இப்போது விழுந்திருக்கிறது என்று முடிவுகட்டினார். லிஃப்டிலும் அப்படி உண்டு. இன்று தளர்ந்த திருகாணி இன்றே விழாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக மூடிவிட்டு, செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த மனைவி அவரையும் பார்த்தாள், கம்ப்யூட்டரையும் பார்த்தாள். குடையை எடுத்துக்கொண்டு போனாள். வானத்தில் மேகம் இருந்த மாதிரியே தெரியவில்லை.

அடுத்து வந்த சாயங்காலங்கள் எல்லாம் இப்படியே போயின. அவள் நடக்கப் போவாள். இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்காருவார். அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். கம்பியைப் பிடுங்கிச் செருகினார். இணையத்தில் இதே நோய் வந்தவர்கள் எழுதிவைத்திருந்த வைத்தியம் ஒவ்வொன்றையும் செய்து பார்த்தார். கறுப்புத் திரையைத் திறந்து, கோப்புகள் பழுதா என்று பார்க்கும் கட்டளையை எழுத்துக்கூட்டி அடித்தார். அதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்றது. நேற்றிருந்த நிலைமைக்குப் பின்னோக்கிப் போகும் வசதியைத் தேடினார், அதற்கும் நிர்வாகி. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளிருந்து அந்த ஒரே ஆளின் பெயரைத்தான் சொன்னார்கள்.

கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்குப் போன் செய்தார். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டில் நிர்வாகி யார் என்றாள்.

"நான்தாம்மா. நான்தான் குடும்பத் தலைவர்."

"குடும்பத் தலைவர் வேற சார், நிர்வாகி வேற."

இதைச் சொன்னபோது அவள் குரலில் கேலி எதுவும் இல்லை. முதன்முதலில் அந்தப் பெட்டியில் யார் பெயரில் கணக்குத் தொடங்கினார்களோ அவர்தான் நிர்வாகி, அவரைக் கேட்டால் ஒரு நிமிஷ வேலை என்று விளக்கிவிட்டு வைத்துவிட்டாள். தொடங்கி வைத்தவன் மச்சினன்.

மனைவியின் தம்பி ஒரு பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவன். அவனிடம் இதைச் சொன்னால் அக்காவுக்குப் போய்விடுமே என்ற பயத்தில்தான் இத்தனை நாள் கூப்பிடாமல் இருந்தார். இப்போது வேறு வழியில்லை. நண்பர் ஒருவருக்கு ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தார். நண்பரின் பல்சக்கரம் காணாமல் போனதை விவரித்தார். மறுமுனையில் நெடுநேரம் இருமல் கேட்டது. தூசி, மாமா, என்றான். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, உங்கள் நண்பரின் வீட்டுக்காரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடச் சொல்லுங்கள், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றான். இது கம்ப்யூட்டர்காரன் சொல்கிற வைத்தியமாக அவருக்குப் படவில்லை. மறுபடியும் இருமல் வந்துவிட்டதால் அவன் வைத்துவிட்டான்.

ஆனாலும் அந்த வார்த்தை மனதில் கிடந்து உறுத்தியது. மறைத்து மறைத்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லிஃப்டில் ஒருநாளும் ஒரு கோளாறை மறைத்து வைத்ததில்லை. மறைத்தால் ஆள் விழுவான். மறுநாள் மனைவி தாள்களைப் பரப்பி, சிவப்பு மைப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, எதிரில் போய் நின்றார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸ் காணோம். நான்தான் எதையோ அழுத்தித் தொலைச்சுட்டேன் போல. தொடமாட்டேன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போனது தப்புதான்."

சிவப்புப் பேனா நின்றது. அவள் நிமிர்ந்து பார்ப்பாள், பார்த்ததும் இடி இறங்கும் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சரி விடுங்க, இதைப் போய் மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றாள். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. அன்று சாயங்காலம் அவருக்கு வந்த டீயில், டாக்டர் தடுத்த நாளிலிருந்து அவள் கண்ணில் காட்டாத சர்க்கரை இருந்தது. மறுநாளும் இருந்தது.

பாவம், உடைந்துபோய்விட்டாள், அதை வெளியே காட்டாமல் நம்மைத் தேற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் இன்னும் உருகினார். எப்பாடு பட்டாவது இதைச் சரிசெய்தே தீருவது என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இந்தத் தடவை ஒன்றையும் அழுத்தவில்லை, யோசித்தார். லிஃப்ட் நகரவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றுகிறவன் புதுசாக வேலைக்கு வந்தவன். பழகினவன் முதலில் கதவுகளைப் பார்ப்பான். எங்கோ ஒரு மாடியில் ஒரு கதவு மயிரிழை திறந்திருக்கும், அவ்வளவுதான். இத்தனை நாள் நாம் உள்ளேயே உட்கார்ந்து குடைந்துகொண்டிருந்தோமே தவிர, வாசலைப் பார்க்கவில்லையே என்று தோன்றியது. அந்தக் கம்ப்யூட்டர் பொத்தானை அழுத்தினால் யார் என்று கேட்காமல் நேராக உள்ளே கொண்டுபோய்விடும். வாசல் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்திருந்தது. கணக்கிலிருந்து வெளியேறும் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தினார்.

திரை நீலமாயிற்று. நடுவில் 'வீடு' என்ற பெயர் இருந்தது. தினமும் இவர்கள் நுழைவது அதற்குள்தான். கீழே ஓரத்தில், புதிதாக இன்னொரு பெயர் இருந்தது.

'மேலிடம்.'

அதன்மேல் அழுத்தினார். கடவுச்சொல் கேட்டது.

குடை, இருமல், சர்க்கரை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. முதலில் வந்தது கோபம் இல்லை, ஒரு மாதிரியான வலிதான். இந்த ஊரில் பாதிக் கட்டிடங்களின் உச்சி அறைச் சாவி ஒரு காலத்தில் அவர் இடுப்பில் தொங்கியது. அந்த மனுஷருக்கு, சொந்த வீட்டில், துணி தேய்க்கிற மேசைமேல் ஒரு பூட்டு. எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். அவள் பதிப்பாளரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்த அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. அப்போது இவர் அடுத்த அறையில், குரல் காதில் விழாத மாதிரி கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். பூட்டுப் போட்டது நியாயம்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் நாம் நெஞ்சைத் திறந்து தப்பை ஒப்புக்கொண்டபோது கூட வாயைத் திறக்காமல் சர்க்கரையைப் போட்டாளே, அது மட்டும் நியாயமில்லை. அந்தச் சர்க்கரையை நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் வாயிலிருந்தே வரவழைக்காமல் விடுவதில்லை என்று முடிவுசெய்தார்.

மறுநாள் காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவளிடம் வந்தார். கடைக்காரர்களிடம் பேசிவிட்டதாகவும், வண்டி கொண்டுவந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகப்போவதாகவும், உள்ளே இருப்பதை எல்லாம் வழித்துத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தால்தான் பல்சக்கரம் திரும்பும் என்று அவர்கள் சொன்னதாகவும் சொன்னார். உள்ளே இருக்கிற புரூஃப் என்ன ஆகும் என்று அவள் மெல்லக் கேட்டாள். அதுவும் போய்விடுமாம் என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்து, அது கொஞ்சம் கூடுதலாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

"உம்மேல பழி வரக்கூடாது பாரு. பதிப்பாளர்கிட்ட நானே பேசிடறேன். எல்லாம் இந்தப் பாவி பண்ணினதுன்னு சொல்லிடறேன்" என்று போனை எடுத்தார்.

"இருங்க. வேணாம்."

"இல்லை, அதுதான் முறை."

எண்களை ஒவ்வொன்றாக, நிதானமாக அழுத்தத் தொடங்கினார். மனைவி எழுந்து வந்து போனைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் தம்பிகிட்டச் சொல்லி மறைக்கச் சொன்னேன்."

"எதை?"

"அதைத்தான்."

"எதைத்தான்?"

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். மீசை துடித்துக்கொண்டிருந்தது. அது அழுகைத் துடிப்பு இல்லை என்று கண்டுபிடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மேலிடம்னு பேர் வச்சது நீயா, உன் தம்பியா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பை அடக்கப் போய் புரையேறி, அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று. பெயர் தம்பி வைத்ததாம். அவளுக்கு அதில் ஆட்சேபம் இல்லையாம். அவர் வந்து ஒப்புக்கொண்ட அன்றே சொல்லிவிட நினைத்தாளாம், வாய் வரவில்லையாம். "நீங்க அப்படி வந்து நின்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வேவு பார்த்த மாதிரி இருந்துச்சு" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. இவருக்கும் அதற்குமேல் ஜெயித்ததைக் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

சரி, திறந்துவிடுகிறேன் என்று அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மேலிடத்தை அழுத்தி, கடவுச்சொல்லை அடித்தாள். தவறு என்றது. நிதானமாக மறுபடி அடித்தாள். தவறு. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக மூடியபடி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். என்ன வார்த்தை என்று கேட்கக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்தது. அவளுக்கு வேர்த்துவிட்டது. மறக்கக்கூடிய வார்த்தையே இல்லை என்றாள். கடைசியில் அந்த யந்திரம் அலுத்துப்போய், கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள் என்று மேலிடத்தையே வெளியே நிறுத்திவிட்டது. இப்போது வீட்டில் யாருக்கும் பல்சக்கரம் இல்லை. அவருக்கு அதில் ஒரு திருப்தி இல்லை என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினான். நண்பர் எப்படி இருக்கிறார் என்று கேட்டான். நண்பர் சௌக்கியம், உன் இருமல் எப்படி இருக்கிறது என்று இவர் திருப்பிக் கேட்டார். அக்காவை உட்காரவைத்து அடிக்கச் சொல்லிப் பார்த்தான். பிறகு கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு விசையைத் தட்டிவிட்டு, இப்போது அடி என்றான். திறந்துகொண்டது. கடவுச்சொல் வைத்த அன்று, ஆங்கிலப் புத்தகம் ஒன்றின் தலைப்புகளையெல்லாம் பெரிய எழுத்தில் அடித்துக்கொண்டிருந்த கையோடு அவள் இதையும் அடித்திருக்கிறாள். ஊரார் பிழையெல்லாம் பார்க்கிறவள் தன் பிழையைப் பார்க்கவில்லை என்று தம்பி சொல்லப்போக, சிவப்புப் பேனா அவன் மேல் பறந்தது.

பிறகு மூவரும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். 'வீடு' போயிற்று. மனைவியின் வேலை எல்லாம் மேலிடத்துக்குள், பூட்டோடு. அவருக்குத் தனியாக ஒரு கணக்கு. அதில் பல்சக்கரமும் உண்டு. தேதியும் பூட்டு சம்பந்தப்பட்டவையும் தவிர அவர் என்ன வேண்டுமானாலும் திருகிக்கொள்ளலாம், அவள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். அதற்கு மச்சினன் 'எதிர்க்கட்சி' என்று பெயர் வைத்தான். இவருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

தன் கணக்குக்குள் அவர் ராஜாவாக இருந்தார். நிறங்கள் மாறின, எழுத்துகள் வீங்கின, ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒவ்வொரு சத்தம் வந்தது. ஒருநாள் திரையைத் திருப்பும் வசதி கண்ணில் பட்டது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். இப்படியே இருக்கட்டுமா என்று கேட்டதற்கு, கை பழக்கத்தில் ஆமாம் என்று அழுத்திவிட்டார். அதற்கப்புறம் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியவில்லை. மௌஸை வலப்பக்கம் தள்ளினால் அம்பு இடப்பக்கம் ஓடியது, மேலே தள்ளினால் கீழே விழுந்தது. கழுத்தை வளைத்து, மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்தபடியெல்லாம் முயன்றார். வெளியேறிப் பார்த்தால் மேலிடத்தின் வாசல்கூடத் தலைகீழாக நின்றது. மச்சினனைக் கூப்பிட மனம் இல்லை. மேலிடத்திடம் முறையிடுவது அதைவிடக் கேவலம். அரைமணி நேரம் போராடிய பிறகு, கருவிப் பெட்டியை எடுத்துவந்தார். திரையின் பின்பக்கத்தில், அதைத் தாங்குகாலோடு பிணைத்த நாலு திருகாணிகள் இருந்தன. கழற்றினார். திரையைத் தலைகீழாகப் புரட்டி, திரும்ப முடுக்கினார். படம் நேராக நின்றது.

சாயங்காலம் மனைவி வேலைக்கு உட்கார்ந்தாள். திரையைப் போட, எப்போதும்போல அடியில் கையைவிட்டுப் பொத்தானைத் தடவினாள். அங்கே பொத்தான் இல்லை. தடவிக்கொண்டே போய், அது மேல் விளிம்பில் இருப்பதைக் கண்டுபிடித்தாள். அதன் பக்கத்தில் கம்பெனி பெயர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்; வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகச் சத்தத்தோடு.

"என்னங்க."

"ம்."

அவள் உள்ளே நுழைந்து, கடவுச்சொல்லை அடித்து, ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தாள். எழுத்துகள் நேராகத்தான் இருந்தன. கால்புள்ளிகள் அதனதன் இடத்தில் இருந்தன. தேதியைப் பார்த்தாள், அதுவும் இன்றைய தேதிதான்.

"ஒண்ணுமில்லை" என்றாள், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு.